விடையை முதலில் எழுதிய சனிக்கிழமை

புதிதாக ஆசிரியர் வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களில் சிலர் பயோடெக்னாலஜியிலேயே பட்டம் வாங்கியவர்கள் என்று கேள்விப்பட்டேன். நல்லது. எனக்கு அந்தப் பட்டம் கிடையாது. விலங்கியல் படித்துவிட்டு, திருவொற்றியூர் காலடிப்பேட்டைப் பக்கம் அரசு உதவி பெறும் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். ஓய்வு பெற்றவர்களைக் கூப்பிட்டு அனுபவம் சொல்லச் சொன்னால், வாங்கிய பாராட்டுகளைப் பட்டியல் போடுவார்கள். என் கையில் அப்படி ஒன்றும் பெரிதாக இல்லை. செய்த தப்பு ஒன்று பெரிதாக இருக்கிறது. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு சின்ன விஷயம். நான் பதினான்கு வருடம் டி.என்.ஏ. பற்றிப் பாடம் நடத்தியிருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு படம் போடுவேன். ஒரு கோடை விடுமுறையில் ஆசிரியர்களுக்கான பயிற்சி முகாமுக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு பேராசிரியை வாழைப்பழத்தை மசித்தார். பாத்திரம் தேய்க்கும் சோப்புக் கரைசலும் உப்பும் கலந்து வடிகட்டினார். அதன் மேல் ஜில்லென்ற ஸ்பிரிட்டை மெதுவாக ஊற்றினார். வெள்ளை வெள்ளையாக நூல் எழும்பி வந்தது. இதுதான் டி.என்.ஏ. என்றார். மற்றவர்கள் கை தட்டினார்கள். எனக்கு வந்தது கோபம். மளிகைக் கடைச் சாமான்களை வைத்து அரை மணி நேரத்தில் பார்க்க முடிகிற ஒன்றை, நாற்பது வயது தாண்டும் வரை நான் பார்த்ததில்லை. என்னிடம் படித்து, உயிரியலில் அள்ளி அள்ளி மார்க் வாங்கிப் போன பிள்ளைகளும் பார்த்ததில்லை.

அந்தக் கோபத்தில்தான் சனிக்கிழமை வகுப்பைத் தொடங்கினேன். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்கள் அவை. எந்தத் தெருவில் நுழைந்தாலும் பயோடெக் பயோடெக் என்று பேச்சு. காலேஜ் வாசல்களில் பேனர் தொங்கும். பள்ளிப் புத்தகத்தில் அது ஒரு பாடம், படித்து ஒப்பிக்க மட்டும். மார்க்குக்கு வராத வேலைக்கு எதற்கு டீச்சர் இவ்வளவு ஆட்டம் என்று தலைமையாசிரியர் கேட்டார். ஆனால் தடுக்கவில்லை. என் வீட்டுப் பழைய பிரஷர் குக்கர்தான் எங்களுக்குக் கிருமி நீக்கும் கருவி. உடைந்த மீன் தொட்டியைப் படுக்க வைத்து, முன்பக்கம் பிளாஸ்டிக் தாள் ஒட்டி, காற்று புகாமல் வேலை செய்யும் அறையாக்கினோம். கிருமி வளர்க்கும் தட்டுக்கு, ஜெல்லி செய்யக் கடைகளில் விற்கிற சைனா கிராஸ் என்ற கடற்பாசியைக் கோழி சூப்பில் காய்ச்சி ஊற்றுவோம். அது உறைந்துவிடும். அதன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீரைத் தடவி மூடி வைத்தால், தண்ணீரில் உயிரோடு இருக்கும் கிருமி ஒவ்வொன்றும் பெருகி, இரண்டு நாளில் கண்ணுக்குத் தெரிகிற புள்ளியாகிவிடும். நம்ம ஊர் வெக்கைக்கு வேறு சூடு தேவையில்லை.

பன்னிரண்டு பேர் வந்தார்கள். அப்பாமார்கள் துறைமுகத்திலும் லாரியிலும் ரயில்வே ஒர்க்‌ஷாப்பிலும் வேலை பார்க்கிறவர்கள். அதில் ரேவதி என்ற பெண் எண்ணூர் முகத்துவாரக்குப்பத்திலிருந்து பஸ் பிடித்து வருவாள். அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா கூடையில் மீன் விற்கிறவர். அந்த வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் அவள்தான். வாய் அதிகம் பேசாது. ஆனால் கை நடுங்கவே நடுங்காது. ஒரு சொட்டு என்றால் ஒரு சொட்டுதான் விழும். அதனால் தட்டில் தண்ணீர் தடவுகிற வேலை எப்போதும் அவளுடையது.

அந்த வருடம் தண்ணீர்ப் பஞ்சம். லாரித் தண்ணீருக்குத் தெருவில் குடம் குடமாய் வரிசை நின்ற காலம். பழைய மாணவர்கள் சேர்ந்து பள்ளிக்கு ஒரு குடிநீர் வடிகட்டி வாங்கிக் கொடுத்திருந்தார்கள். மாடியில் லாரித் தண்ணீர் ஏற்றும் தொட்டி, அதற்குக் கீழே வடிகட்டி, அதிலிருந்து நான்கு குழாய். பிள்ளைகள் ஏற்கெனவே குடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். முறைப்படி திறப்பு விழா மட்டும் ஒரு வெள்ளிக்கிழமைக்கு வைத்திருந்தார்கள். தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, உங்கள் சனிக்கிழமைப் பிள்ளைகளை வைத்து இந்தத் தண்ணீரைச் சோதித்து, சுத்தம் என்று ஒரு சார்ட் எழுதிக் குழாய்ப் பக்கத்தில் வைத்துவிடுங்கள் என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சுத்தமானதைக் காட்டினால் போதாது, பக்கத்தில் அசிங்கமானது ஒன்றும் இருந்தால்தானே எடுப்பாக இருக்கும் என்று நானே யோசித்து, ரேவதியிடம் அவள் அம்மா மீனுக்குப் போடுகிற ஐஸில் ஒரு துண்டு கொண்டுவரச் சொன்னேன். எல்லார் எதிரிலும்தான் சொன்னேன். அவள் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். பார்த்தும் கண்டுகொள்ளவில்லை.

நம் பள்ளிகளில் செய்முறை வகுப்பு எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நீங்களும் அப்படித்தான் படித்து வந்திருப்பீர்கள். நோக்கம், தேவையான பொருட்கள், செய்முறை, அட்டவணை, முடிவு என்று அனைத்தையும் ஆசிரியர் முதலிலேயே போர்டில் எழுதிவிடுவார். பிள்ளைகள் அதை அப்படியே ரெக்கார்டு நோட்டில் இறக்கிவிடுவார்கள். நேரம் மிச்சம் இருந்தால் சோதனை. முடிவு மாறி வந்தால் தப்பு பிள்ளையின் கையில்தான், போர்டில் இருக்காது. பொதுத்தேர்வுக்கு வெளியிலிருந்து வரும் பரிசோதகர் ரெக்கார்டைப் புரட்டும்போது எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும், அவ்வளவுதான். இந்த வழக்கத்தை உடைக்கத்தான் சனிக்கிழமை வகுப்பையே தொடங்கினேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். அந்தச் சனிக்கிழமை கை தானாகப் போர்டுக்குப் போய்விட்டது. வடிகட்டிய நீரில் வளர்ச்சி இல்லை, லாரி நீரில் ஓரளவு, மீன் ஐஸில் மிக அதிகம் என்று முடிவை எழுதிவிட்டு, அப்புறம்தான் தட்டுகளை எடுத்தோம். ரேவதி மூன்றிலும் தடவினாள். நான் மூடிகளின் மேல் பேர் எழுதினேன்.

திங்கட்கிழமை மூன்றாவது பீரியடில் எடுத்துப் பார்த்தால், வடிகட்டிய நீர் என்று எழுதிய தட்டு முழுக்கப் புள்ளி. எண்ண முடியவில்லை. லாரித் தண்ணீரில் ஒரு இருபது, முப்பது. ஐஸ் என்று எழுதிய தட்டில் மூன்றே மூன்று.

ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். வெள்ளிக்கிழமை விழா, தலைமையாசிரியர் கேட்ட சார்ட், போர்டில் இருந்த என் கையெழுத்து எல்லாம் சேர்ந்து என்னைப் பிடித்துத் தள்ளின. பதினோரு பேர் பார்த்துக்கொண்டிருக்க ரேவதியிடம் கேட்டேன். "உங்கம்மா ஐஸ் அழுக்குன்னு வந்துடக் கூடாதுன்னு மூடிய மாத்திட்டியா?"

அவள் தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நான் மாத்தல டீச்சர். வந்தது இதான்."

பொய் வேறயா என்றேன். போர்டில் இருப்பதை எழுதச் சொன்னேன். மற்றவர்கள் எழுதினார்கள். அவள் ரெக்கார்டை மூடி மேசை மேல் வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். மீதிப் பதினோரு நோட்டிலும் சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையெழுத்துகளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை காலை ரேவதி வரவில்லை. அவள் அம்மா வந்தார். மீன் கூடையை உள்ளே விட மாட்டேன் என்று வாட்ச்மேன் சொல்லிவிட்டதால், கூடையை கேட் ஓரமாக வைத்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்றார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து நான் தயாராக எழுந்தேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"நேத்திலேந்து அது சோறு துன்னல டீச்சர். இனிமே ஸ்கூலுக்குப் போமாட்டேன்னு சொல்லிகினு கீது. எங்க மேல மீன் நாறுதுன்னு சொல்லுங்க, நாறத்தான் செய்யும். ஐஸு கலீஜுன்னு சொல்லுங்க, இருக்கும். எம் பொண்ணு பொய் சொல்லிச்சின்னு மட்டும் சொல்லாதிங்க."

அவரை வாசலிலேயே நிறுத்திவிட்டு லேபுக்குப் போனேன். தட்டுகளைத் தூக்கிப் பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது. பேரை மூடியில் எழுதக் கூடாது, தட்டின் அடிப்பக்கத்தில் எழுத வேண்டும். மூடி எந்தத் தட்டுக்கும் பொருந்தும், அடிப்பக்கம் மாறாது. முகாமில் முதல் நாளே சொல்லிக்கொடுத்தது. அதை மறந்தவள் நான். ஒன்றும் தடவாத வெறும் தட்டு ஒன்றைக் கூடவே வைத்திருக்க வேண்டும், என் சூப்பும் குக்கரும் சரியாக இருந்தனவா என்று அதுதான் சொல்லும். அதையும் வைக்கவில்லை. அவள் மாற்றினாளா, மாற்றவில்லையா என்பது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள எந்த வழியும் நான் விட்டுவைக்கவில்லை. தெரியாத விஷயத்தில் அவளைப் பொய்க்காரி என்று சொன்னதற்கு ஒரே காரணம், அவள் குப்பத்துப் பெண், அது மீன் ஐஸ். இதை மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன்.

திரும்பி வந்து அந்த அம்மாவிடம், பெண்ணைக் கூட்டி வாருங்கள், மறுபடி செய்வோம் என்றேன். மறுபடி செய்து மறுபடி அவள் தலையில்தானே கட்டப் போகிறீர்கள் என்று கேட்டார். நியாயமான கேள்வி. பேர் எழுத மாட்டோம், நம்பர் மட்டும் போடுவோம், எந்த நம்பரில் எந்தத் தண்ணீர் என்பது தடவுகிறவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது என்று விளக்கினேன். அவர் பிறகு கூடையைப் பக்கத்துப் பூக்காரம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு எண்ணூர் பஸ் ஏறினார். மதியத்துக்குள் ரேவதியும் ஐஸும் வந்து சேர்ந்தார்கள்.

எங்கள் லேப் அட்டெண்டர் தாஸ் அண்ணன் தண்ணீர்களைப் பாட்டில்களில் பிடித்து, எங்களுக்குக் காட்டாமல் நம்பர் போட்டார். எது எதுவென்று ஒரு சீட்டில் எழுதி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஐஸைப் பாட்டிலில் போடப் போனபோது ரேவதி தடுத்தாள். முதல் தடவை அவள் ஐஸ் கட்டியின் மேல் கொதித்து ஆறிய தண்ணீரை ஊற்றி, வெளிப்பக்கத்தைக் கரைத்துவிட்டு, நடுவில் இருந்ததைத்தான் எடுத்தாளாம். ஐஸ் வண்டியிலும் தரையிலும் சாக்கிலும் புரளுகிறது, அந்த அழுக்கு ஐஸுடையது இல்லை, தண்ணீர் எப்படி என்றுதானே பார்க்கிறோம் என்று அவளாகவே யோசித்திருக்கிறாள். நான் கேட்கவில்லை, அதனால் அவளும் சொல்லவில்லை. என்னைவிட நன்றாகச் சோதனையைப் புரிந்துகொண்டவள் அவள்தான்.

சரி, இந்தத் தடவையும் அப்படியே எடு என்றேன். அது மட்டும் போதாது என்று அவள் தலையை ஆட்டினாள்.

"மேல்பக்கத்துக்கு ஒரு தட்டு தனியா போடுங்க டீச்சர். மீன்ல படறது அதான். அத்த எழுதலன்னா, நான் பொய் சொன்ன மாதிரிதான்."

 தாஸ் அண்ணன் இன்னொரு பாட்டிலையும் எடுத்து, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நம்பர் போட்டார். அவள் அம்மாவின் ஐஸைப் பற்றித் தப்பாக வரப்போகிற தட்டு அது. அதை அவளே கேட்டு வாங்கினாள். அவள் மூடியை மாற்றினாளா என்பதற்கு எனக்கு அப்போதே விடை தெரிந்துவிட்டது. ஆனாலும் ரேவதி தடவிய தட்டுகளும் ஒன்றும் தடவாத வெறும் தட்டும் வியாழக்கிழமை வரை அலமாரியில் இருந்தன. சாவி தாஸ் அண்ணனிடம்.

வியாழக்கிழமை பன்னிரண்டு பேரும் வந்தார்கள். மூடியைத் திறக்காமல், கண்ணாடி வழியாகவே பார்த்து, ஒவ்வொருவரும் தனித்தனியாக எண்ணி எழுதினார்கள். எல்லாரும் எழுதி முடித்த பிறகுதான் தாஸ் அண்ணன் சீட்டைப் பிரித்தார். வெறும் தட்டில் ஒன்றுமில்லை. ஐஸின் நடுப்பகுதியில் சில புள்ளிகள். லாரித் தண்ணீரில் போன தடவை மாதிரியே. ஐஸின் மேல்பக்கம் வழிய வழிய. வடிகட்டிய நீரும் வழிய வழிய.

மணி பதினொன்று. பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டு பெல் அடித்தால் மொத்தப் பள்ளியும் அந்தக் குழாய்களில் வாய் வைக்கும். மறுநாள் விழா. தட்டுகளை ட்ரேயில் எடுத்துக்கொண்டு தலைமையாசிரியர் அறைக்குப் போனேன். அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர், அவ்வளவுதான். இதெல்லாம் நோய்க் கிருமியா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் என் வேலை சுலபமாகியிருக்கும். ஆனால் புள்ளி எத்தனை என்றுதான் இந்தத் தட்டு சொல்லும், எந்தக் கிருமி என்று சொல்லாது. எனக்குத் தெரியாது என்றேன்.

"தெரியாத ஒண்ணுக்காக ஃபங்ஷன எப்படி டீச்சர் நிறுத்தறது?"

"ஃபங்ஷன நிறுத்த வேணாம் சார். குழாய நிறுத்துங்க."

தண்ணீர் சோதிக்கிற முறையான லேபுக்கு இன்றைக்கே பாட்டில் அனுப்புவோம், அங்கே நல்ல தண்ணீர் என்று சொன்னால் எல்லார் எதிரிலும் நான் மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். அவர் ட்ரேயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் கை அசுத்தமாக இருந்திருக்கலாமே என்று ஒரு தடவை கேட்டார். வெறும் தட்டைக் காட்டினேன். அதையும் அதே கைதான் திறந்து மூடியது, அதே சூப், அதே குக்கர், ஒன்றும் வளரவில்லை.  திங்கட்கிழமை நான் கேட்டிருக்க வேண்டிய கேள்விக்குப் பதில் அது. பதினொன்றே முக்காலுக்கு அவர் தாஸ் அண்ணனை மாடிக்கு அனுப்பி வால்வை மூடச் சொன்னார்.

தொட்டியைத் திறந்து பார்த்தால் மூடி விலகிக் கிடந்தது. உள்ளே சேறு, புறா இறகு. வடிகட்டிக்கு உள்ளேயும் அதுவே. பொருத்தின நாளிலிருந்து யாரும் கழுவவில்லை, கழுவ வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. பத்து நாள் கழித்து லேபிலிருந்து தாள் வந்தது, குடிக்கத் தகுதியில்லை என்று. அதற்குள் கழுவி, மருந்து போட்டு, மறுபடி சோதித்துத் திறந்துவிட்டோம். ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததற்கு யாரும் நன்றி சொல்ல மாட்டார்கள். இந்த வேலையில் அதை எதிர்பார்க்காமல் பழகிக்கொள்ளுங்கள்.

விழா நடந்தது. தலைமையாசிரியரைப் பாராட்ட வேண்டும், மூடிய குழாய்க்குப் பக்கத்திலேயே மேசை போட்டுத் தட்டுகளை வைக்க விட்டார். வடிகட்டி வாங்கிக் கொடுத்தவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. வாரா வாரம் சோதிப்பீர்களா என்று பிள்ளைகளிடம் கேட்டார்கள். ரேவதியின் அம்மாவும் வந்திருந்தார், அன்றைக்குக் கூடை இல்லாமல். தட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், மேல்பக்கத்து ஐஸ் தட்டில் வந்து நின்றார். இது இன்னா என்று கேட்டார். நான் ஏதோ பூசி மெழுகப் பார்த்தேன். ரேவதி குறுக்கே வந்து, "நம்ம ஐஸும்மா. சாக்குல வெக்கிறமே, அது" என்றாள். அந்த அம்மா குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"இத்தினி கீதா அதுல? அப்ப சாக்க மாத்தணும்டி" என்றார். அவ்வளவுதான். அவமானமும் படவில்லை, கோபமும் இல்லை. கண்ணால் பார்த்ததை ஏற்றுக்கொண்டு அடுத்த வேலைக்குப் போனார். படித்த எனக்கு அதைச் செய்ய நான்கு நாள் பிடித்தது.

பயோடெக்னாலஜி பள்ளிக்கூடத்தில் எதற்கு, அதெல்லாம் காலேஜில் போய்ப் படித்துக்கொள்ளட்டும் என்று உங்களிடமும் சொல்வார்கள். லேபுக்கு இடம் இல்லை, சாமான் இல்லை, போர்ஷன் முடியவில்லை என்பார்கள். விடாதீர்கள். பதினோரு பிள்ளைகள் தட்டைக் கண்ணால் பார்த்த பிறகும் போர்டைப் பார்த்து எழுதினார்கள். அவர்களை அப்படி ஆக்கியது நாம்தான். ஒரு பெண் எழுத மறுத்தாள். அந்த மறுப்பு புத்தகத்தில் படித்து வருவதில்லை, தன் கையால் செய்து பார்த்தவளுக்குத்தான் வரும். அதற்காகவாவது பிரஷர் குக்கரைத் தூக்கிக்கொண்டு போங்கள். இடம் இல்லை என்றால் மாடிப்படிக்குக் கீழே செய்யுங்கள்.

விழா முடிந்து எல்லாரும் போன பிறகு, தட்டுகளை பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் ஊறப்போட ரேவதி லேபுக்கு வந்தாள். கிருமி வளர்த்தவர்களே அதைக் கொன்றுவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும் என்பது எங்கள் சட்டம். பதினோரு ரெக்கார்டிலும் என் கையெழுத்தை அடித்து, முடிவு தவறு, தவறு ஆசிரியருடையது என்று எழுதியிருந்தேன். அவற்றை அவளிடம் காட்டினேன். என்னை மன்னித்துவிடு என்று வாய்விட்டே சொன்னேன். திங்கட்கிழமை எல்லார் எதிரிலும் உன்னைச் சொன்னேன், வரும் திங்கட்கிழமை எல்லார் எதிரிலும் மன்னிப்புக் கேட்கிறேன் என்றும் சொன்னேன். அதைச் செய்தும் முடித்தேன்.

அவள் தட்டுகளை ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் அமுக்கினாள். அழவில்லை. பரவாயில்லை டீச்சர் என்றும் சொல்லவில்லை. கடைசித் தட்டையும் அமுக்கிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"அன்னிக்கே 'இன்னொருதபா போட்டுப் பாரு'ன்னு சொல்லி இருக்கலாமே டீச்சர். நான் போட்டு இருப்பேனே."

  நாளைக்கு உங்கள் லேபில் ஒரு பிள்ளை, நீங்கள் எதிர்பார்க்காத முடிவோடு ஒரு தட்டை நீட்டும். எந்தத் தெருவிலிருந்து வருகிற பிள்ளையாக இருந்தாலும், அதன் முகத்தைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். இன்னொரு தட்டை எடுத்து அதன் கையில் கொடுங்கள்.